1949 கடற்படை ஸ்குவாட்ரன் குரூப் போட்டோ: கைப்பட்டையை வைத்து ரேங்க் சொல்ல முடியுமா?

அரசலாறு (கும்பகோணம்):

எல்லோருக்கும் வணக்கம். 12க்கு 10 அங்குல அளவில் ஒரு குரூப் போட்டோ. சாம்பல் நிற அட்டையில் ஒட்டி, கண்ணாடி ஃப்ரேம் போட்டது. அட்டையின் கீழ்ப்பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆங்கிலத்தில் ‘நேவல் ஸ்குவாட்ரன், 1949’ என்ற துண்டு மட்டும் மிச்சம். பெயர் வரிசை மொத்தமாகப் போச்சு. நாற்காலியில் 7 பேர், பின்னால் நிற்பவர்கள் 10 பேர். எல்லோருக்கும் இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட், வெள்ளைத் தொப்பி. நடுவில் உட்கார்ந்திருப்பவர் வெள்ளைக்காரர்.

இடமிருந்து இரண்டாவது நாற்காலியில் இருப்பவர் எங்கள் பெரிய தாத்தா. இரண்டு கையிலும் ஒரே ஒரு அகலமான பட்டை தெரிகிறது. வீட்டில் ‘கமடோர்’ (கடற்படையில் கேப்டனுக்கு அடுத்த மேல் ரேங்க்) என்று பேச்சு. தெருவில் ‘கேப்டன் ஐயா’. குடும்பத் தொகுப்பு ஒன்று அச்சுக்குப் போகிறது, அதில் தப்பாகப் போடக்கூடாது. அதனால் மூன்று கேள்வி.

ஒரே அகலப் பட்டை என்றால் கமடோர்தானே? வலது ஓரம் நிற்பவருக்குப் பட்டையே இல்லை, கை விளிம்பில் மூன்று பொத்தான் மட்டும், இவர் யார்? பின்வரிசையில் தலை நரைத்த ஒருவருக்கு மெல்லிசாக ஒரே கோடு. அந்த வயதில் சப்-லெப்டினன்ட்டாக இருப்பாரா?

கண்ணாடிக்கு மேலேயே போனில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

வெட்டாறு (திருவாரூர்):

இரண்டாவது கேள்விக்கு மட்டும் இப்போதே பதில். கோட், பீக் (நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முன்மடல்) வைத்த தொப்பி, கையில் ஜரிகைக்குப் பதில் மூன்று பித்தளைப் பொத்தான் என்றால் சீஃப் பெட்டி ஆபிசர். அதிகாரி இல்லை, அப்போது மாலுமிகளில் மிக மூத்த நிலை. தூரத்தில் இருந்து பார்த்தால் கோட்டும் தொப்பியும் அதிகாரி மாதிரியே இருக்கும். பழைய படங்களில் ‘பட்டை அழிஞ்சு போன ஆபிசர்’ என்று சொல்லப்படுபவர்களில் பாதிப்பேர் இவர்கள்தான்.

பாமணியாறு (மன்னார்குடி):

ஸ்குவாட்ரன் என்றாலே விமானப் பிரிவு ஆச்சே. தாத்தா பைலட்டாக இருந்திருப்பார். கையில் இறக்கைச் சின்னம் இருக்கிறதா பாருங்க.

கோடியக்கரை (வேதாரண்யம்):

பாமணியாறு தம்பி, 1949 என்ற தேதி அதற்கு இடம் கொடுக்காது. நம் கடற்படைக்கு விமானத் தளம் என்று வந்ததே 1953ல், கொச்சியில் ஐஎன்எஸ் கருடா. சீ ஹாக் விமானங்களோடு 300வது ஸ்குவாட்ரன் தொடங்கியது 1960 ஜூலையில், அதுவும் பிரிட்டனில். 1949ல் ‘இந்தியன் நேவல் ஸ்குவாட்ரன்’ என்றால் கப்பல் தொகுதி. 1948ல் வாங்கிய ‘டெல்லி’ என்ற பெரிய போர்க்கப்பல்தான் (குரூஸர்) கொடிக்கப்பல், அதாவது தலைவரின் கப்பல். ராஜ்புத், ரஞ்சித், ராணா என்ற மூன்று டெஸ்ட்ராயர்களும் (அதைவிடச் சிறிய போர்க்கப்பல்கள்) 1949ல் கடற்படையில் சேர்ந்தன. மொத்தத்துக்கும் தலைவர் ஒரு ரியர் அட்மிரல். அந்த இடத்துக்கு முதல் இந்தியராக ராம்தாஸ் கட்டாரி வந்தது 1956ல் (செங்கல்பட்டில் பிறந்தவர், 1958 ஏப்ரலில் கடற்படைக்கே தலைவரானார்). ஆகவே உங்கள் படத்தில் நடுவில் வெள்ளைக்காரர் இருப்பது பொருத்தம்தான்.

இனி பட்டைகள். அப்போது பிரிட்டிஷ் முறைதான் இங்கேயும். சாதாரண ஜரிகைப் பட்டை சுமார் 14 மில்லிமீட்டர் அகலம், மெல்லியது 6, அகலமானது 44. இரண்டு பட்டைக்கு நடுவில் இடைவெளி சுமார் 6. மேல் பட்டையில் ஒரு வளையம். ஒரு பட்டை சப்-லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், இரண்டுக்கு நடுவே மெல்லியது ஒன்று வந்தால் லெப்டினன்ட் கமாண்டர், மூன்று கமாண்டர், நான்கு கேப்டன். ஒரே அகலப் பட்டை கமடோர். அகலப் பட்டைக்கு மேல் சாதாரணப் பட்டை ஒன்று இருந்தால் ரியர் அட்மிரல்.

இதை மனப்பாடம் செய்துகொண்டு கையை மட்டும் எண்ணினால் மாட்டிக்கொள்வோம். காரணம், பிரிவுத் துணி. போர் செய்யும் பிரிவு அல்லாத அதிகாரிகளுக்கு ஜரிகைகளுக்கு நடுவில் வண்ணத் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். இன்ஜினியருக்கு ஊதா, டாக்டருக்குச் சிவப்பு, எலக்ட்ரிகலுக்குக் கரும்பச்சை, பாடம் சொல்லும் அதிகாரிக்கு வெளிர்நீலம், கணக்கும் சரக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கும் சப்ளை பிரிவுக்கு வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஊதாவும் கரும்பச்சையும் கோட்டு நிறத்தோடு கலந்துவிடும், அதனால் ‘துணி இல்லை’ என்று நம்மால் சொல்லவே முடியாது. சிவப்பு உணராத பழைய ஆர்த்தோ ஃபிலிமாக இருந்தால் டாக்டரின் சிவப்பும் கறுப்பாகிவிடும். வெள்ளை மட்டும் நேர் எதிர். ஜரிகை, வெள்ளை, ஜரிகை எல்லாம் சேர்ந்து ஒரே வெளிர் பட்டையாகத் தெரியும். பார்த்தவுடன் ‘அகலப் பட்டை, கமடோர்’ என்று வாய் வந்துவிடும்.

உங்கள் பெரிய தாத்தா விஷயத்தில் எனக்கு அந்தச் சந்தேகம்தான். இன்னொன்று: நம்மவர்களில் முதல் ஆள் கமிஷன் (அதிகாரி நியமனம்) பெற்றுச் சேர்ந்ததே 1928ல், அதுவும் இன்ஜினியர் பிரிவில். 1949ல் ஓர் இந்தியர் கமடோர் என்றால் விரல் விட்டு எண்ணுகிற ஆள், ஊருக்கே தெரிந்திருக்கும்.

இப்போது தொப்பியைப் பாருங்கள். கையைவிடத் தொப்பி நம்பகமானது. லெப்டினன்ட் கமாண்டரும் அவருக்குக் கீழே இருப்பவர்களும் வெறும் கறுப்பு பீக். கமாண்டர், கேப்டனுக்கு பீக்கில் ஒரு வரிசை ஓக் இலை ஜரிகை. கமடோருக்கும் குறைந்தது ஒரு வரிசை உண்டு. அட்மிரல்களுக்கு இரண்டு. நிழல் விழுந்தாலும் ஜரிகை பீக்கின் விளிம்பில் ஒரு வெளிச்சக் கீற்று விட்டுவிட்டுத் தெரியும். வெறும் பீக்கில் பளபளப்பு ஒரே கோடாக ஓடும்.

மூன்றாவது கேள்வி. தலை நரைத்து, கையில் மெல்லிய ஒற்றைக் கோடு என்றால் சப்-லெப்டினன்ட் இல்லை. மாலுமியாகச் சேர்ந்து பல வருஷம் கழித்து மேலே வந்த வாரண்ட் அதிகாரி. பீரங்கி, பாய்க்கயிறு, மின்கருவி மாதிரி ஏதாவது ஒரு தொழிலில் கரைகண்டவர். அதே தொழில்காரர் இன்னும் மூத்தவரானால் கோடு சாதாரண அகலத்துக்கு வந்துவிடும். அப்போது சப்-லெப்டினன்ட்டிடமிருந்து பிரித்துக் காட்டுவது முகத்தின் வயசு மட்டும்தான்.

போன் படத்தில் இதற்கு மேல் எதுவும் தேறாது. நல்ல ஸ்கேன் வேணும்.

குடமுருட்டி (பாபநாசம்):

ஸ்கேன் பகுதியை நான் சொல்கிறேன்.

முதலில் ஃப்ரேமைப் பிரிக்கலாமா என்று பாருங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் படத்தின் மேல் பூசிய ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கஜா புயலில் நனைந்த வீடுகளில் இது நிறைய. படத்தைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: ஒட்டிய இடம் ஈரம் பட்ட மாதிரி கருத்து, மினுமினுப்பு இல்லாமல் தெரியும். அப்படி இருந்தால் கண்ணாடியை இழுக்காதீர்கள். முகமே உரிந்து கண்ணாடியோடு போய்விடும். ஒட்டவில்லை என்றால் பின்பலகை ஆணிகளைக் குறடால் நேராக இழுத்து எடுங்கள், திருகாதீர்கள். இந்த வேலைக்கு மாசி, பங்குனி நல்லது, காற்று உலர்ந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தையும் ஸ்கேன் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எண், சிலசமயம் பெயர்கூட அங்கே கிடைக்கும். ஃப்ரேம் கடையில் அளவுக்காக அட்டை விளிம்பை வெட்டிப் பின்னால் செருகி வைப்பதும் உண்டு, அதனால் உள்ளே இருக்கும் குப்பையைத் தூக்கிப் போட வேண்டாம்.

எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி)? கணக்குப் போட்டுச் சொல்கிறேன். 10 பேர் தோளோடு தோள் நிற்கிற 12 அங்குலப் படத்தில் உருவம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அதாவது 14 மில்லிமீட்டர் பட்டை படத்தில் 0.7, மெல்லிய 6 மில்லிமீட்டர் பட்டை வெறும் 0.3. 300 டிபிஐயில் அந்த மெல்லிய பட்டைக்கு 4 பிக்சல்கூட முழுசாக வராது, லெப்டினன்ட் கமாண்டர் லெப்டினன்ட் ஆகிவிடுவார். 1200 டிபிஐயில் 14 பிக்சல் வரும், அது போதும். 2400 வைத்தால் ஃபைல்தான் பெருக்கும். அச்சுப் படத்தில் அதற்கு மேல் விவரம் இருக்காது.

கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் கலரில் ஸ்கேன் எடுத்து, விவரம் குறையாத டிஃப் ஃபைலாக வையுங்கள். கலர் ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக, அதாவது சேனலாக, இருக்கும். பழுப்புக் கறை நீலச் சேனலில் கருப்பாக நிற்கும், சிவப்புச் சேனலில் பெரும்பாலும் மறைந்துவிடும். கைப்பகுதியைப் பார்க்கச் சிவப்புச் சேனலை மட்டும் பிரித்து எடுங்கள். படத்தில் உள்ள வெள்ளி மேலே வந்து கறுப்புக் கோட்டில் நீலமாகப் பூத்திருந்தால் படத்தை 90 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு ஸ்கேன். விளக்கு விழும் கோணம் மாறினால் பூப்பும் மாறும்.

கண்ணாடி ஒட்டியிருந்தால், மெல்லிசான மலிவு ஸ்கேனர்கள் உதவாது. கண்ணாடித் தடிப்பு அளவு தள்ளி இருந்தாலே மங்கிவிடும். பழைய மாதிரி கனமான ஸ்கேனர் (சிசிடி வகை) அந்த ஆழத்தைச் சமாளிக்கும். அது கிடைக்கவில்லை என்றால் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு.

இங்கே அனுப்பும்போது வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அதைவிட முக்கியம்: ‘பழைய போட்டோவைத் தெளிவாக்கும்’ ஆப் எதிலும் போடாதீர்கள். இல்லாத பட்டையை அது அழகாக வரைந்து கொடுத்துவிடும்.

கோடியக்கரை:

குடமுருட்டி சொன்னதோடு ஒன்று. ஸ்கேன் வந்ததும் முதல் வேலை, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட பிரதிகள் உண்டு. ஆண்கள் கோட்டில் இடப்பக்கம் மேலே வந்து மூடும், மெடல் ரிப்பன் இடது மார்பில். இரண்டும் தலைகீழாக இருந்தால் உட்கார்ந்த வரிசையே தலைகீழ். நடுவில் இருப்பவரின் வலக்கைப் பக்கம் அடுத்த மூத்தவர் உட்காருவது வழக்கம் என்பதால் இதில் பிசகினால் எல்லாம் பிசகும்.

அப்புறம் தொப்பி பேட்ஜ். கிரீடமா, அசோகச் சிங்கமா? 1950 ஜனவரி 26க்கு முன்னால் கிரீடம், மேல்புறம் உருண்டு அகலமாக இருக்கும். சிங்கம் ஒடுங்கி உயரமாக நிற்கும். 1949 என்ற அட்டைத் துண்டு அதே படத்துடையதுதானா என்று இதில் தெரிந்துவிடும்.

அளப்பதற்கு உங்கள் படத்திலேயே அளவுகோல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இருப்பவர் ரியர் அட்மிரல் என்றால் அவர் கையில் 44 மில்லிமீட்டர் பட்டை. பெரிய தாத்தாவும் அதே வரிசை, கேமராவிலிருந்து அதே தூரம். இருவர் பட்டை அகலத்தையும் பிக்சலில் அளந்து சொல்லுங்கள். கை சாய்ந்திருந்தால் பட்டைக்குச் செங்குத்தாக அளக்கணும், படத்தின் விளிம்புக்கு நேராக அல்ல. நிற்பவர்களோடு ஒப்பிட வேண்டாம், அவர்கள் பின்னால் தள்ளி இருப்பதால் சிறுத்துத் தெரிவார்கள்.

அரசலாறு:

மிக்க நன்றி. நல்லவேளை, கண்ணாடி ஒட்டவில்லை. 1200 டிபிஐ ஸ்கேன் இணைத்திருக்கிறேன். பொத்தான், ரிப்பன் சரியான பக்கம்தான். பேட்ஜில் கிரீடம். நடுவில் இருப்பவருக்கு அகலப் பட்டையும் மேலே ஒரு பட்டையும், பீக்கில் இரண்டு வரிசை ஜரிகை. அவருடைய அகலப் பட்டை 102 பிக்சல். பெரிய தாத்தாவுடையது 106. அப்படியானால் கமடோர் என்பது சரியாகிவிட்டதே? பீக் மட்டும் வெறுமையாகத் தெரிகிறது, நிழலாக இருக்குமோ?

கோடியக்கரை:

இல்லைங்க. நீங்கள் அளந்ததே பதிலைச் சொல்லிவிட்டது.

சப்ளை பிரிவு லெப்டினன்ட் என்றால் 14, வெள்ளை 6, 14. கூட்டினால் 34. உங்கள் படத்தில் 79 பிக்சல் வந்திருக்கணும். சப்ளை பிரிவு லெப்டினன்ட் கமாண்டர் என்றால் 14, வெள்ளை 6, மெல்லிய ஜரிகை 6, வெள்ளை 6, 14. மொத்தம் 46. அட்மிரலின் 44 உங்களுக்கு 102 என்றால் 46க்கு 106 அல்லது 107. கமடோரின் பட்டையும் இதுவும் இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம், அளந்து மட்டும் பிரிக்க முடியாது. பிரிப்பது தொப்பிதான். உங்கள் ஸ்கேனில் பக்கத்து நாற்காலிக்காரர் பீக்கில் அதே நிழலிலும் இலைகள் துண்டு துண்டாக மின்னுகின்றன. பெரிய தாத்தாவின் பீக்கில் ஒரே கோடு. அது நிழலின் வேலை இல்லை, வெறும் பீக்.

உறுதி செய்ய, சிவப்புச் சேனலில் அவர் இடது கையை மட்டும் வெட்டி எடுத்து, லெவல்ஸில் (படம் திருத்தும் மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இடம்) வெளிச்சப் பக்கத்து முனையை மட்டும் நெருக்குங்கள். ஜரிகை நெசவு சொரசொரப்பாகச் சாம்பலாக இறங்கும், வெள்ளைத் துணி வழவழவென்று வெள்ளையாகவே நிற்கும். மூன்று அடுக்கு பிரிந்தால் லெப்டினன்ட், ஐந்து பிரிந்தால் லெப்டினன்ட் கமாண்டர். உண்மையான கமடோர் பட்டை எவ்வளவு நெருக்கினாலும் ஒரே சொரசொரப்புதான்.

அரசலாறு:

செய்து பார்த்தேன். ஐந்து அடுக்கு. நடுவில் மெல்லிசாகச் சாம்பல் கோடு நன்றாகவே தெரிகிறது. வலது கையில் மூன்றுதான் பிரிகிறது, அங்கே வெளிச்சம் நேராக விழுந்து வெளுத்திருக்கிறது.

கோடியக்கரை:

இடது கையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளுத்த இடத்தில் அடுக்கு குறைந்து தெரியும், கூடித் தெரியாது. சப்ளை பிரிவு லெப்டினன்ட் கமாண்டர். முன்வரிசையில் இடம் கிடைத்ததற்கும் இது ஒத்துப்போகிறது: அட்மிரலின் செக்ரட்டரி பதவி சப்ளை பிரிவு அதிகாரிக்கு உரியது. அவர் அந்தப் பதவியில் இருந்தார் என்று இதை வைத்தே எழுதிவிடாதீர்கள். அதற்குக் காகிதம் வேண்டும். பின்வரிசையில் இடது தோளில் கயிறு தொங்கவிட்டிருக்கும் இளைஞர் அட்மிரலின் ஃபிளாக் லெப்டினன்ட், அதாவது கூடவே இருக்கும் உதவி அதிகாரி.

‘கேப்டன் ஐயா’ பற்றி: கடற்படைக் கேப்டன் ராணுவத்தில் கர்னலுக்குச் சமம், கடற்படை லெப்டினன்ட்தான் ராணுவக் கேப்டனுக்குச் சமம். கோட்டும் தொப்பியும் போட்டவரைத் தெரு கேப்டன் என்றுதான் கூப்பிடும். 1949க்குப் பிறகு அவர் நிஜமாகவே மேலே போயிருக்கவும் இடமுண்டு. படம் அந்த ஒரு நாள் ரேங்கை மட்டும்தான் சொல்லும்.

வெட்டாறு:

காகிதத்துக்கு இரண்டு வழி. ஒன்று, இந்திய அரசிதழ். பாதுகாப்பு அமைச்சகத்தின் நியமனம், பதவி உயர்வு அறிவிப்புகள் பகுதி 1, பிரிவு 4ல் வரும். 1949க்கு இரண்டு பக்கமும் சில வருஷம் தேடுங்கள். அந்த முறையில் லெப்டினன்ட்டாக 8 வருஷம் முடித்தால் லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர் முதல் தேர்வு அடிப்படை. ஆகவே லெப்டினன்ட் ஆன தேதி கிடைத்தாலே மீதி ஓரளவு பிடிபடும். பெயரை இனிஷியலோடு பல விதமாகத் தேடணும்: தஞ்சாவூர் ‘டி’யிலும் வரும், அப்பா பெயர் கடைசியில் போயும் வரும். அரசிதழில் ஒரு படி குறைவாக இருந்தால் பதறாதீர்கள். ஆக்டிங் ரேங்க்காரரும் அதே பட்டையைத்தான் போடுவார். நிரந்தர ரேங்க் கீழே இருக்கும்.

இரண்டு, வீட்டிலேயே இருக்கும் பென்ஷன் உத்தரவு. கடைசி ரேங்க் அதில் இருக்கும். மாலை போட்டு வைத்திருக்கும் தனிப் படம் இருந்தால் அதைச் சாட்சியாக எடுக்க வேண்டாம். குரூப் போட்டோவிலிருந்து முகத்தைப் பெரிதாக்கி, ஸ்டூடியோவில் தூரிகையால் டச் செய்த படங்களில் பட்டையை ஆர்ட்டிஸ்ட் தன் இஷ்டத்துக்கு இழுத்திருப்பார்.

பாமணியாறு:

பின்வரிசையில் வலமிருந்து நான்காவது ஆள் கைகட்டி நிற்கிறார், பட்டையே இல்லையே. பொத்தானும் காணோம். அவர் யார்?

கோடியக்கரை:

நல்ல கேள்வி. போர்க்காலத்தில் ஜரிகையை மிச்சம் பிடிக்க, பிரிட்டிஷ் கடற்படையில் பட்டையைக் கையின் வெளிப்பக்கம் மட்டும் பாதிச் சுற்று தைத்தார்கள். அந்தக் காலக் கோட்டைப் பின்னாலும் போட்டவர்கள் உண்டு. கைகட்டும்போது உள்பக்கம் நம்மைப் பார்த்தால் வெறும் துணிதான் தெரியும். அரசலாறு, அவர் இடது முழங்கைக்குக் கீழே, பக்கத்து ஆள் கோட்டை உரசும் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை முடிகிற முனை வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியணும். புள்ளி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன் என்று எழுதுங்கள். அதிலேயே ரேங்க் வந்துவிடும்.